படம் பதினொன்று

பிப்ரவரி 6

அக்கா,

ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன். உடம்பு எப்படி, முழங்கால் வலி எப்படி என்று ஆரம்பித்தால் விஷயத்துக்கு வரவே மாட்டேன், அதனால் அதெல்லாம் இன்னொரு நாள். போனில் கூப்பிட்டிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் என் குரலை அளப்பாய். நேரில் வந்தால் முகத்தை அளப்பாய். முகம் படிப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லும்போது நான் எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்? காகிதத்தில் எழுதுவதுதான் எனக்குத் தோது.

நான் இன்னும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். தரைத்தளம், பின்வாசல் பக்கம், உடைமை ஒப்படைக்கும் பிரிவு. இறந்துபோனவர்களின் கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, செருப்பு, போன் எல்லாம் ஒரு பழுப்பு உறையில் போட்டு என் அலமாரிக்கு வரும். சொந்தக்காரர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப் போவார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை.

முன்பெல்லாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தினுசாக வருவார்கள். ஒரு தச்சர் தன் மகனுடைய செருப்பை வாங்கி, அங்கேயே காலில் மாட்டிப் பார்த்து, அளவு சரியில்லை என்று என்னோடு மல்லுக்கு நின்றார். ஒரு பெண்மணி கண்ணாடியைத் துடைத்தாள், துடைத்தாள், சாப்பாட்டு நேரம் முடிகிற வரை துடைத்துக்கொண்டே இருந்தாள். ஒருவர் சிரித்தார், பாவம், அடக்க முடியாமல் சிரித்தார். இப்போது அப்படி யாரும் வருவதில்லை. நாலைந்து வருஷமாக எல்லாருக்கும் ஒரே முகம். வலக்கண் கொஞ்சம் சுருங்குகிறது. இடது வாயோரம் கீழே இறங்குகிறது. மோவாய் லேசாக உயர்கிறது. உதடு பிரிந்து, எதையோ சொல்ல வந்து பாதியில் நிற்கிறது. எண்பது வயசுக்காரருக்கும் அதே, பள்ளிக்கூடப் பெண்ணுக்கும் அதே.

அது என் முகம், அக்கா. என் பத்தொன்பதாம் வயசு முகம். உன் புத்தகத்தில் படம் பதினொன்று. கவுண்டர் ஜன்னலைத் தள்ளித் திறந்தால் அந்தப் பக்கம் நானே நிற்கிறேன், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை.

இதைச் சொல்ல மட்டும் எழுதவில்லை. இரண்டு வருஷமாக எங்களுக்கு ஒரு படிவம் வருகிறது. மேலே உன் படம். கீழே ஒரு கேள்வி: 'உறவினர் முகத்தில் மேற்கண்ட குறிகள் காணப்பட்டனவா? ஆம், இல்லை.' இல்லை என்று போட்டால் அது விசாரணைப் பிரிவுக்குப் போகும். போன நவம்பரில் விதிவிலக்காக ஒரு தையல்காரப் பெண் வந்தாள். புருஷன் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இறந்தவன். ஆறு வயசு மகள் கூடவே வந்திருந்தாள். உறையைப் பிரித்து அவன் சட்டையை எடுத்தாள். கழுத்துப் பட்டையில் தையல் விட்டிருந்தது. "இத நாளைக்குத் தச்சுத் தர்றேன்னு சொல்லியிருந்தேன்" என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை, வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். நான் படத்தைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், இல்லை என்று போட்டேன்.

என் கையாலேயே போட்டேன். இப்போது அவள்தான் புருஷனைத் தள்ளிவிட்டாளோ என்று விசாரணை நடக்கிறது. மகளைக் காப்பகத்தில் வைத்துவிட்டார்கள். ஏப்ரல் 22-ம் தேதி உன் ஊரில் மேல்விசாரணை. மகள் அவளுக்குத் திரும்பக் கிடைப்பாளா, இல்லை ஒரேயடியாகப் போய்விடுவாளா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். இந்தப் படத்தை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது என்று நீ ஒரு வரி எழுதிக் கொடு. நீ எழுதினால் எவரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

சின்னவள்


பிப்ரவரி 19

சின்னவளுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று பிரித்துப் படித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லத் தோன்றாது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். படம் பதினொன்று துக்கம் என்று நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பதினேழு நாடுகளில் மூவாயிரம் பேருக்குக் காட்டிக் கேட்டோம். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் துக்கம் என்றார்கள். அதன் பிறகுதான் கட்டுரை, கட்டுரைக்குப் பிறகு புத்தகம், புத்தகம் இப்போது ஒன்பதாம் பதிப்பு. என்னிடம் ஆய்வு செய்த முப்பத்தொரு பேர் இன்று பேராசிரியர்கள். அவர்களிடம் படித்தவர்களை நான் எண்ணுவதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது. செவிலியர் பாடத்தில் அந்தப் படம் இருக்கிறது, ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறது, விமான நிலையக் காவலர்களுக்கான கையேட்டில் இருக்கிறது, பாலர் பள்ளி அட்டையில்கூட இருக்கிறது. தவறாக இருந்தால் இத்தனை பேரில் ஒருவராவது இத்தனை ஆண்டுகளில் சொல்லியிருக்க மாட்டாரா?

மனிதர்கள் எல்லாரும் ஒரே விதமாகத்தான் துக்கப்படுகிறார்கள் என்பது என் முடிவு. நீ இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அதையே எழுதியிருக்கிறாய். நியாயமாகப் பார்த்தால் நீ என் கட்சி. முன்பு வித்தியாசமாகத் தெரிந்தது உன் பழக்கமின்மையாக இருக்கலாம்.

அந்தப் படிவம் எனக்குத் தெரியாது. யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள். ஆனாலும் முகத்தில் ஒன்றுமே இல்லை என்பதும் ஒரு தகவல்தான், அதை நான் மறைக்க முடியாது. தவிர, அந்த விசாரணைக்கு நிபுணராக என்னையே அழைத்திருக்கிறார்கள். இந்த நிலையில் தனியாகக் கடிதம் கொடுப்பது முறையல்ல.

நீ கேட்காத ஒன்றுக்கும் பதில் சொல்கிறேன். அப்பா இறந்த அன்று உன்னைப் படம் எடுத்ததை நீ இன்னும் மன்னிக்கவில்லை, தெரியும். நான் அன்று எடுக்காமல் இருந்திருந்தால் அந்த ஒரு கணம் வீணாகப் போயிருக்கும். அதைப் பற்றி நான் வருத்தப்பட முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 2

அக்கா,

வீணாகப் போகாமல் பார்த்துக்கொண்டாய், சரிதான். சாப்பிடச் சொன்னாயே, அதற்கு மட்டும் நன்றி.

'ஒருவராவது சொல்லியிருக்க மாட்டாரா' என்று கேட்கிறாய். போன வருஷம் என் வீட்டுக்காரர் போனபோது நீ மலர்வளையம் அனுப்பினாய், மறுநாள் நடந்தது உனக்குத் தெரியாது. அவருடைய உறையை வாங்க நானே அந்தப் பக்கம் போய் வரிசையில் நின்றேன். கவுண்டரில் எங்கள் புதுப் பெண் இருந்தாள், நல்ல பிள்ளை. என் முகத்தைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள், குரலை இறக்கிக்கொண்டு, "அக்கா, வலது கண்ணக் கொஞ்சம் சுருக்குங்க. இல்லன்னா நான் இல்லைன்னு போடணும்" என்றாள். என் முகத்தை எனக்கே சொல்லிக் கொடுத்தாள். நானும் சுருக்கினேன். ஆம் என்று போட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன், இன்னும் இரண்டும் வரவில்லை.

சென்ற வாரம் ஒருவர் வந்தார். தொண்ணூற்றாறு வயசில் அவர் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டாராம். வெளியே நடைபாதையில் அவர் சீட்டியடித்துக்கொண்டு வந்தது எனக்குக் கேட்டது. கதவைத் தாண்டிக் காலை உள்ளே வைத்ததும் சீட்டி நின்றது, அந்த முகம் வந்தது. அவராகச் செய்யவில்லை. அதுவாக வந்து உட்கார்ந்தது. உறையை வாங்கி வெளியே போன பிறகு சீட்டி கேட்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வாகனம் நிறுத்தும் இடத்தில் கன்னத்தைக் கையால் பிசைந்துகொண்டு நின்றிருந்தார்.

இதைக்கூட விடு. சவக்கிடங்கில் வேலை பார்க்கும் பெரியவர் என்னோடு தேநீர் குடிப்பார், அதிகம் பேசாதவர். நேற்று அவராகவே சொன்னார்: "இப்பல்லாம் உள்ள வர்றவங்களுக்கும் அதே மூஞ்சிதாம்மா. வலக்கண்ணு முழுசா மூடவே மாட்டேங்குது. நான் அழுத்தி மூடுறேன், மறுபடி பாத்தா அப்படியே இருக்கு." இதையும் உன் தொண்ணூற்றிரண்டில் சேர்த்துக்கொள்வாயா?

தையல்காரப் பெண் திங்கட்கிழமை என் கவுண்டருக்கு வந்தாள். "நீங்கதானே எழுதினீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். திட்டுவாள் என்று தயாராக நின்றேன். "நான் எப்படி இருந்திருக்கணும், சொல்லுங்க, இருந்துட்டுப் போறேன். எம்புள்ள எனக்கு வேணும்" என்றாள். வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் மகளைப் பார்க்க விடுகிறார்கள், நடுவில் ஒரு மேசை போட்டு. கட்டிப்பிடிக்கக் கூடாதாம். நான் போட்ட ஒரு கோடு, அக்கா, அவ்வளவுதான் அவளுக்கு எதிராக இருக்கும் சாட்சியம்.

உன் முறையெல்லாம் மூட்டை கட்டி வை. அவள் மகளை அவளிடம் சேர்த்துவிடு.

சின்னவள்


மார்ச் 15

சின்னவளே,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். சவக்கிடங்குப் பெரியவர் சொன்னதை உன் கற்பனை என்று ஒதுக்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை எங்கள் துறை நூலகர் காலமானார். இருபத்தாறு ஆண்டுப் பழக்கம், தினமும் காலையில் எனக்கு முன்னால் வந்து விளக்குகளைப் போடுகிறவர். துறைக் கூட்டத்தில் செய்தியைச் சொன்னார்கள். நான் எழுந்து போய்க் கை கழுவினேன். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடியில் நீ நின்றாய்.

நம் இருவருக்கும் சாயலே கிடையாது. நான் அப்பா ஜாடை, நீ அம்மா ஜாடை என்று வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் சொல்வார்கள். எனக்கு அழுகை வந்தால் மூக்கு சிவக்கும், நெற்றி சுளிக்கும், சின்ன வயதில் நீ அதைச் செய்து காட்டிக் கேலி செய்வாய். அது எதுவும் இல்லை. வலக்கண், வாயோரம், மோவாய், எல்லாம் அச்சு அசலாகப் படம் பதினொன்று. கன்னத்தைத் தேய்த்தேன், தண்ணீர் அடித்துக்கொண்டேன், போகவில்லை. நாலு நிமிடம் இருந்தது. அப்போதும் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன் பார், புத்தி எங்கே போகும்! என் நண்பர் செத்துக் கிடக்கிறார், அவருக்காக என்னால் என் முகத்தோடு அழ முடியவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் பழைய பெட்டியைத் திறந்தேன். புத்தகத்தில் இருப்பது வெட்டிய படம், முகம் மட்டும். முழுப் படத்தை நான் முப்பத்தொரு ஆண்டுகளாகப் பார்க்கவில்லை. அதில் உன் வலப் பக்கம் இரண்டடித் தொலைவில் விளக்கு இருக்கிறது, சரியாக உன் கண்ணுக்கு நேராக. வலக்கண் சுருக்கம் பற்றி நான் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். 'இழப்பை உணரும் முதல் கணத்தின் குறி' என்று பெயர் வைத்தேன். அதை மட்டும் ஆராய்ந்து எட்டுப் பேர் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். உனக்குக் கண் கூசியிருக்கிறது.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன், உனக்கு மட்டும். மூவாயிரம் பேருக்குப் படத்தைக் காட்டினோம் அல்லவா, படத்துக்குக் கீழே ஒரு வரி இருந்தது: 'தந்தை இறந்த செய்தியைக் கேட்கும் பெண்.' அதைப் படித்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? அது பெரிய பிழை என்று அப்போதே ஓர் உதவியாளர் சொன்னார். நான் அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. முழுப் படத்தில் உன் முன்முடி ஈரமாக இருக்கிறது. சட்டைக் கழுத்தும் நனைந்திருக்கிறது. அன்று மழை இல்லை. நீ எதற்கு முகம் கழுவிக்கொண்டு வந்தாய்? எதையும் விடாமல் எழுது. ஏப்ரல் 22-ம் தேதி நான் என்ன சொல்ல வேண்டும் என்பது இதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

அக்கா


மார்ச் 27

அக்கா,

முதல்முறையாக ஒன்றைக் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். அப்பா போய்விட்டார் என்று எனக்குச் சொன்னவர் யாரோ ஒரு டாக்டர், நீ இல்லை. உன் ஆய்வுக்கூடம் வரை ஓடி வந்தேன். பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். நான் அழுத அழுகையெல்லாம் அங்கேதான். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கடிகாரம் பார்க்கவில்லை. அப்புறம் அக்காவுக்கு இதை எப்படிச் சொல்வது, அவள் உடைந்துபோவாளே என்று பயம் வந்தது. அழுத முகத்தோடு போகக் கூடாது என்று தோட்டத்துக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டேன். உன்னை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொல்லலாம் என்று வந்தேன்.

நீ, "வா, உக்காரு, வெளிச்சம் சரியா இருக்கான்னு பாக்கணும்" என்றாய். நான் பேச வாயெடுத்தேன். "மோவாயத் தூக்கு" என்றாய். தூக்கினேன். அந்த விளக்கு கண்ணில் குத்தியது. அப்போது நீ சொன்னாய், "அப்பா போயிட்டார்." உனக்கும் போன் வந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் விளக்கை நகர்த்தி வைத்திருக்கிறாய், ஃபிலிம் போட்டிருக்கிறாய், நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறாய். உன் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. உன் கண் என் வாயோரத்தில் இருந்தது. நான் யார் என்பதே உனக்கு மறந்துவிட்டது போலப் பார்த்தாய்.

எனக்கு அப்போது வந்தது துக்கமில்லை. துக்கத்தைப் படிக்கட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். வந்தது பயம். உன்னைப் பார்த்துப் பயந்தேன், அக்கா. அப்பாவும் இல்லை, அம்மா ஏற்கெனவே இல்லை, இனி இவள்தான் எனக்கு என்று நினைத்துக்கொண்டு வந்த இடத்தில் இப்படி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே என்ற பயம். நீ எடுத்தது அதைத்தான். அதைத்தான் பதினேழு நாட்டுக்கும் பாடம் நடத்தினாய்.

இதை அப்போதே சொல்லியிருந்தால் என்று நீ கேட்கலாம். மூன்று மாதத்தில் அந்தப் படத்துக்கு உனக்குப் பரிசு கொடுத்தார்கள், மேடையில் என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாய். யாரிடம் சொல்வது?

இப்போது ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன், நீ முகம் சுளிப்பாய். உன்னை நம்பி இருக்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் தையல்காரப் பெண்ணுக்கு அந்த முகத்தைச் சொல்லிக் கொடுக்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில், அலமாரிகளுக்குப் பின்னால், ஒரு கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு. தொழில்காரி அல்லவா, "வாயோரத்த எவ்வளவு எறக்கணும், அரை இஞ்சா, கால் இஞ்சா?" என்று அளவு கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளும் சிரித்தாள். இரண்டாம் நாள் படிவத்தில் இருந்த படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாருக்கா இது?" என்றாள். யாரோ ஒரு பெண் என்றேன். "யாரையோ பாத்து நடுங்கிப் போயிருக்கா, பாவம்" என்றாள். முப்பத்தொரு வருஷத்தில் அந்தப் படத்தைப் பார்த்துச் சரியாகச் சொன்னது அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் முகத்தில் ஒன்றுமில்லை என்று நான் எழுதினேன்.

பத்து நாளில் நன்றாக வந்துவிட்டது. நேற்று அவள் செய்து காட்டியபோது, போதும் நிறுத்து என்று கத்திவிட்டேன். அவள் நிறுத்தக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சின்னவள்


ஏப்ரல் 23

சின்னவளே,

நேற்று விசாரணை முடிந்தது. மகளை அவளிடம் கொடுக்கச் சொல்லி உத்தரவு. இதை முதலில் தெரிந்துகொள், மற்றதை நிதானமாகப் படி.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, ஈர முடி, படத்துக்குக் கீழே இருந்த வரி, நீ எழுதியது எல்லாம். அந்தப் படம் துக்கமில்லை, அதை வைத்து எவரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது, என் வாழ்நாள் ஆய்வு முழுக்க ஒரு பயந்துபோன பெண்ணின் முகத்தின்மேல் கட்டியது என்று சொன்னேன். பேசப் பேசக் குரல் உடைந்தது. விசாரணை அதிகாரி என் மாணவியின் மாணவர், மரியாதையானவர், நான் உள்ளே வந்தபோது எழுந்து நின்றவர். முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. பிறகு மேசையில் இருந்த என் புத்தகத்தைப் புரட்டினார்.

"மன்னிக்கணும் அம்மா. ஒன்பதாம் அத்தியாயத்துல நீங்களே எழுதியிருக்கீங்க. மனசார வருத்தப்பட்டு ஒப்புக்கறவங்களுக்கு வலக்கண் சுருங்கும், மோவாய் உயரும். உங்க முகத்துல எதுவுமே இல்லையே. யாரோ உங்கள நிர்ப்பந்திச்சிருக்காங்கன்னு நான் எடுத்துக்கறேன்."

இல்லை என்றேன். அவர் நம்புவதற்காக, வெட்கத்தை விட்டு, அந்த முகத்தை வரவழைக்கப் பார்த்தேன். கை கழுவும் இடத்தில் கூப்பிடாமல் வந்தது, நேற்று கூப்பிட்டும் வரவில்லை. 'சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல' என்று எழுதிக்கொண்டார். நான் உருவாக்கிய அளவுகோலால் என்னையே அளந்து தள்ளிவிட்டார். கோபப்படக்கூட எனக்கு உரிமை இல்லை.

அதற்குப் பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். கணவரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அவள் நிமிர்ந்தாள். உன் முகம் வந்தது. நடுவில் கேமராவோ கண்ணாடியோ இல்லாமல் அந்த முகத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதிகாரி தலையசைத்து ஒரு கோடு போட்டார். அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் மனம் இளகிவிட்டது, இளகியதும் அவர்களுக்கும் அதே முகம். வழக்கறிஞர், குறிப்பெடுப்பவர், தண்ணீர் கொண்டுவந்து வைத்த பெண், அதிகாரி, எல்லாருமாகப் பதினாலு பேர். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எதற்கு என்னைப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை, ஒருவேளை மரியாதைக்காக இருக்கலாம். பதினாலு பேரும், பத்தொன்பது வயது உன்னைப் போல, வாயைத் திறந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல், என்னைப் பார்த்துப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பத்தாம் பதிப்பில் படத்தை நீக்கச் சொல்லி எழுதினேன். புத்தகத்திலிருந்து எடுத்துவிடலாம், அட்டைகளிலும் பயிற்சிகளிலும் இருப்பதை எடுக்க யாராலும் முடியாது, அது இப்போது எல்லோருக்கும் பொது என்று பதில் வந்திருக்கிறது.

மன்னித்துவிடு என்று எழுதி மூன்று காகிதம் கிழித்தேன். அன்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை. உன்னை வந்து பார்க்கலாமா?

அக்கா


மே 5

அக்கா,

நீ சொன்னாய், அது போதும். அவர்கள் நம்பாதது உன் குற்றமில்லை, இல்லை, உன் குற்றம்தான், ஆனாலும் நீ போய்ச் சொன்னாய். அதற்காக நான் அழுதேன். எந்த முகத்தோடு அழுதேன் என்று பார்த்துக்கொள்ளவில்லை. வரலாமா என்று கேட்டதற்குக் கடைசியில் பதில் சொல்லலாம் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். நேற்று நடந்ததைச் சொல்கிறேன், அதற்குப் பிறகு நீயே முடிவு செய்துகொள்.

மகளை நேற்று காலை பதினோரு மணிக்கு ஒப்படைத்தார்கள். துணைக்கு வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள், போனேன். காப்பக அலுவலகம், ஒரு மேசை, நாலு நாற்காலி. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், கைப்பையைத் திறந்து மூடினாள். அத்தனை சந்தோஷம். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அவள் முகத்தில் வந்தது படம் பதினொன்று. "உனக்கு இப்ப சிரிப்புத்தானே வரணும்?" என்றேன். "சிரிச்சுக்கிட்டுத்தானேக்கா இருக்கேன்" என்றாள். கைக்கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்தாள். கன்னத்தைப் பிடித்து மேலே இழுத்தாள், கண்ணைத் தேய்த்தாள். விட்டால் திரும்பவும் அங்கேயே போய் நின்றது. நான் சொல்லிக் கொடுத்த முகம், அக்கா.

அதற்குள் கதவு திறந்தது. காப்பாளர் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை வந்தாள். வாசலைத் தாண்டவில்லை. "போடா கண்ணு, அம்மா பாரு" என்றார் காப்பாளர். குழந்தை அவருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இது பள்ளிக்கூடத்து அட்டையில இருக்கிறவங்க" என்றாள். "எங்கம்மா எங்க?"

தையல்காரப் பெண் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றாள், நெற்றி சுவரில் முட்டுகிற அளவுக்கு. அங்கிருந்து வீட்டில் அதட்டுகிற குரலில் சொன்னாள்: "பொத்தான மாத்திப் போட்டிருக்க. எத்தன தடவ சொல்றது? வா இங்க."

குழந்தை காப்பாளர் கையை உதறிவிட்டு ஓடிவந்து அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அம்மா, அம்மா என்று முதுகில் முகத்தைத் தேய்த்தாள். அவள் திரும்பவில்லை, அக்கா. சுவரைப் பார்த்தபடியே இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுவந்து, குழந்தையின் சட்டையைத் தடவித் தடவி, பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

சின்னவள்